தன் வீட்டு கேட்டைத் தாண்டிப் போன பிலோமினா அத்தை

அன்று காலை கார்மென்ட்ஸில் நான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் எங்கள் போன் எங்களிடம் இருக்காது, உள்ளே வரும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் சூப்பர்வைசர் மேடம் என் பக்கத்தில் வந்து நின்று, என் மிஷினை அவர்களே நிறுத்தியபோதே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. "மஞ்சுளா, மனேயிந்த போன்" என்றார்கள், வீட்டிலிருந்து போன் என்று. எப்போதும் கத்துகிறவர்கள், அன்று மெதுவாகச் சொன்னார்கள்.

என் மகள் ஷைனி பேசினாள். "அம்மா, ஆயா சேர்ல உக்காந்து பூ கட்டிட்டே இருந்தாங்க. காபி வேணுமான்னு கேட்டேன், பதிலே இல்ல. டாக்டர் வந்து பாத்துட்டாரும்மா. நீ வா."

என் மாமியார் பிலோமினா அத்தை போய்விட்டார்கள். விடியற்காலைப் பூசைக்கு நடந்தே போய்விட்டு வந்து, நான் கிளம்பும்போது, "ஓவர்டைம் கீவர்டைம்னு அங்க நின்னே, கால ஒடைச்சிடுவேன். சாயங்காலம் நம்ம வீட்டுக்கு மாதா வர்றாங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்று மிரட்டி அனுப்பிய அதே அத்தை.

என் வீட்டுக்காரர் பீட்டர் ஆட்டோ ஓட்டுகிறார். அவரே வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். எதிரில் யாருமே இல்லாத இடத்திலும் அடித்தார்.

அத்தையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் 'பிலோமி ஆன்ட்டி வீடு' என்றால் பால் போடுகிறவர்கூட வழி காட்டுவார். சிஸ்டர்கள் நடத்தும் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்து என் வீட்டுக்காரரையும், இப்போது குவைத்தில் இருக்கும் நாத்தனார் ஜெசிந்தாவையும் வளர்த்தவர்கள். பூசை தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் சாந்தமான பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். அத்தையின் பக்திக்குக் காலும் கையும் வாயும் உண்டு.

அந்த பக்தியெல்லாம் பொங்கி வரும் மாதம் அக்டோபர், ஜெபமாலை மாதம். எங்கள் அன்பியத்தில், அதாவது எங்கள் சுற்றுத் தெருக்களில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டத்தில், ஒரு மாதா சுரூபம், மரியன்னை சிலை, இருக்கிறது. தினம் ஒரு வீட்டுக்கு அந்த மாதா வருவார்கள். முறை வந்த வீட்டுக்காரர்கள் சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு முந்தின வீட்டுக்குப் போய், அந்த வீட்டு அம்மாவின் கையிலிருந்து வாங்கி, பாடிக்கொண்டே தூக்கி வரணும். ஜெபமாலை, அப்புறம் சுண்டல், டீ. மறுநாள் சாயங்காலம் மாதா அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அத்தை போன அன்று எங்கள் வீட்டு முறை.

நான் ஓடி வந்து அத்தையைப் பார்த்தேன். படுக்க வைத்திருந்தார்கள். மடியில் இருந்த சேவந்திச் சரத்தை யாரோ எடுத்து ஜன்னலில் வைத்திருந்தார்கள், பாதிதான் கட்டியிருந்தது. தண்ணீர் எடுக்கச் சமையல்கட்டுக்குப் போனால், அங்கே பெரிய அண்டாவில் கொண்டைக்கடலை ஊறிக் குண்டு குண்டாக நிற்கிறது. முந்தின நாளே அத்தை ஊறப்போட்டது. அத்தையைப் பார்த்து வராத அழுகை எனக்கு அந்த அண்டாவைப் பார்த்து வந்தது.

அந்தோணிசாமி அண்ணன் எங்கள் அன்பியத் தலைவர். நல்ல மனிதர். ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, ஃபாதரிடம் பேசியது, கல்லறையில் இடத்துக்கு அலைந்தது எல்லாம் அவர்தான். ஜெசிந்தா வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும், சாயங்காலம் அடக்கம் என்று முடிவாயிற்று. எல்லாம் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இன்னிக்கு மாதா இங்க வேணாம். நேரா எங்க வீட்டுக்குக் கொண்டு போயிடறேன். நாளைக்கு எங்க முறைதானே. உங்களுக்கு மாசக் கடைசில வச்சுக்கலாம்."

"ஏண்ணே?"

"சாவு வீடும்மா. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் மாதாவுக்குப் பூப்போட்டுப் பாட்டா? பாக்கவே நல்லா இருக்காது. இதுவரைக்கும் நம்ம அன்பியத்துல அப்படி வழக்கமும் இல்ல."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும், "அண்ணன் சொல்றது சரிதானே மஞ்சு" என்றார். அத்தை இந்த வாசலை விட்டுப் போவதற்குள் மாதா இந்த வாசலுக்குள் வந்தே ஆகணும்! வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. செத்த வீட்டில் மருமகளுக்கு என்ன இவ்வளவு பிடிவாதம் என்று சிலர் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் ஆனேக்கல் பக்கத்துப் பெண். ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. எங்கள் வீட்டில் எல்லம்மா சாமி. கார்மென்ட்ஸ் வாசலில் ஆட்டோ போடும் பீட்டரைப் பிடித்துப்போய் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கதவை மூடிவிட்டார்கள். இங்கே, அப்போது உயிரோடு இருந்த என் மாமனார், மாமா, "கோயில்ல மந்திரிக்காத கல்யாணம் எனக்குக் கல்யாணமே இல்ல. அவங்க இந்த கேட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். நாங்கள் இதே தெருக்கோடியில் வரிசை வீட்டில் ஒரு ரூம் எடுத்து இருந்தோம். அத்தை தினமும் எங்களைத் தாண்டித்தான் பூசைக்குப் போவார்கள். திட்டினதும் இல்லை, பேசினதும் இல்லை.

அந்த வருஷம் அக்டோபர் வந்தது. ஒரு சாயங்காலம் நான் அடுப்பில் ராகி முத்தெ, அதாவது களி, கிளறிக்கொண்டிருக்கிறேன். தெருவில் பாட்டுச் சத்தம். யார் வீட்டுக்கோ போகிறார்கள் என்று நினைத்தேன். அன்று அத்தை வீட்டு முறை என்று எனக்கு எப்படித் தெரியும்? அங்கே நடந்ததைப் பிறகு எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாமா கையில் மாலையோடு கேட்டில் நிற்கிறார். அத்தை மாதாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கேட் வந்தது. அத்தை நிற்கவில்லை. அப்படியே தாண்டிப் போகிறார்கள்! பின்னால் வந்த கூட்டம் பாட்டை விட்டுவிட்டுக் கத்துகிறது.

"பிலோமி, வீடு தாண்டிப் போச்சு!"

"நம்ம வீடு முன்னாடி இருக்கு, வாங்க" என்று அத்தை நடந்துகொண்டே சொன்னார்களாம்.

மாமா பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். "ஏய், நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"அவங்க இங்க வரக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? நாம அங்க போகக்கூடாதுன்னு சொல்லலையே!"

கதவு திறந்துதான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் வேர்த்து ஒழுக அத்தை, கையில் மாதா, பின்னால் தெருவே நிற்கிறது. என் மாமியார் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "நகரு பொண்ணு, கை வலிக்குது. எங்க வைக்கிறது?"

எங்களிடம் மேஜை ஏது? டிரங்குப் பெட்டியைத்தான் காட்டினேன். அதன் மேல் என் கல்யாணப் புடவையை விரித்தேன். மாதாவை வைத்தார்கள். எனக்கு ஜெபம் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டுக்கு அம்மன் வந்தால் என்ன செய்யணும் என்று தெரியும். கால்மாட்டில் தண்ணீர் தெளித்தேன். கற்பூரம் ஏற்றிச் சுற்றினேன். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, மாதா நெற்றியில் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.

பாட்டு நின்றது. அந்தோணிசாமி அண்ணன் அப்போது வாலிபர். "ஐயையோ, தொடைங்க, தொடைங்க!" என்று பாய்ந்து வந்தார். அத்தை கையை நீட்டி அவரை நிறுத்தினார்கள்.

"விடு அந்தோணி. வீட்டுக்கு வந்தவங்களுக்கு அவ செய்யறத அவ செஞ்சிருக்கா. மாதாவே சும்மா இருக்காங்க, நீ ஏன் குதிக்கிற?"

அன்று அந்த ரூமில் ஜெபமாலை சொன்னார்கள். சுண்டல் இல்லை. இருந்த முத்தெயைப் பிட்டுப் பிட்டு குழம்புச் சாற்றில் தொட்டு எல்லாருக்கும் கொடுத்தேன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மாமா எவ்வளவு நேரம்தான் வெளியே நிற்பார்? உள்ளே வந்து மாதாவுக்குப் போட்டார். முத்தெ வாங்கித் தின்றார். "உப்பு கம்மி" என்றார். அந்த டிசம்பருக்கு முன்னாடியே நாங்கள் அந்த கேட்டுக்குள் குடி வந்துவிட்டோம்.

மறுநாள் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் அந்தக் குங்குமம் முழுசாகப் போகவில்லை. அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்திருந்தது, நிறம் இறங்கிவிட்டது. இன்றும் எங்கள் அன்பியத்து மாதாவுக்கு நெற்றியில் லேசாக ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு உண்டு. புதிதாக வந்தவர்கள் கேட்டால் அத்தை, "பெங்களூர்ல இருக்காங்க இல்ல, வச்சுக்கிட்டாங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

ஞானஸ்நானம் எடு என்று அத்தை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. ஷைனி புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கின வருஷம் நானாகப் போய்த்தான் எடுத்தேன். எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது, "சரி, வர்றப்ப கொத்தமல்லிக்கட்டு வாங்கிட்டு வா" என்றார்கள். அப்புறம் ரூமுக்குள் போய் மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தை ஜெபம் செய்யும் அழகைப் பார்க்கணும்! முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டே, நடுவில் "ஷைனி, பால் பொங்குது பாரு... பீட்டர், ஆட்டோவ கேட்டுக்குள்ள வுடு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஜெபமாலையில் ஒரு மணிகூடத் தவறாது. ஷைனிக்கு காலேஜ் சீட் கிடைக்க இழுபறி ஆனபோது அந்தோணியார் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார்கள். "சீட் வாங்கிக் குடுத்துட்டு இந்தப் பக்கம் திரும்புங்க" என்று கண்டிப்பு. சீட் வந்த அன்று படத்தைத் திருப்பி, புடவைத் தலைப்பால் துடைத்து, "கோச்சுக்காதீங்க ஐயா, எனக்கு ஒரே பேத்தி" என்று கொஞ்சினார்கள். ஷைனி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொரோனா வருஷம் யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. அக்டோபரில் மாதா எப்படி வருவார்கள்? அத்தை விடவில்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோவில் மாதாவை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். எல்லாரும் அவரவர் கேட்டில் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். மூலையில் போலீஸ் மறித்தார். "ஏனம்மா இது?"

"மேரியம்மா சார். அவரிகே மாஸ்க் பேடா, நான் ஹாக்கொண்டிதீனி" என்றார்கள் அத்தை. மாதாவுக்கு வேண்டாம், நான் போட்டிருக்கிறேனே என்று! அந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, "பேக ஹோகி அம்மா, சீக்கிரம், சீக்கிரம்" என்று கையை ஆட்டிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து கால் அமுக்கிவிடும்போது எனக்குச் சொன்னார்கள்: "நாம கோயிலுக்குப் போறது பெரிசில்ல மஞ்சு. நாம தூக்கிட்டுப் போற எடத்துக்கெல்லாம் அவங்க வர்றாங்க பாரு, டிரங்குப் பெட்டின்னாலும் ஆட்டோன்னாலும் மூஞ்சி சுளிக்காம, அதுதான் பெரிசு."

இத்தனை வருஷமும் எங்கள் வீட்டு முறைக்கு மாதாவைத் தூக்கினது அத்தைதான். என்னைத் தொடவிட மாட்டார்கள். இந்த வருஷம் முட்டி வலி. அந்த வாரம்தான், "இந்தத் தடவ நீ தூக்கு" என்றார்கள். எனக்கு பயம். "நான் கீழ போட்டுடுவேன் அத்தை."

"விழுந்தா ஒட்டிக்கலாம். தூக்கவே மாட்டேன்னா எதை வச்சு ஒட்டறது?"

இப்போது சொல்லுங்கள், நான் எப்படிச் சரி என்று தலையாட்டுவேன்?

அந்தோணிசாமி அண்ணன் முன்னால் நின்று நான் கேட்டேன்: "அண்ணே, கோயில்ல படத்துல மாதா மடியில யாரு கிடக்கறாங்க? பெத்த மகனோட பொணத்த மடியில வாங்கினவங்க. அவங்களுக்கு சாவு வீடு புதுசா?"

"அப்படியே உங்க அத்த வாய் உனக்கு" என்றார். "ஃபாதரை ஒரு வார்த்தை கேக்கணும்மா. நானா முடிவு பண்ண முடியாது."

"கேளுங்க. நான் அதுக்குள்ள போய்த் தூக்கிட்டு வந்துடறேன்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா உள்ளே வந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அண்டாவை எப்போது தூக்கிக்கொண்டு போனார்களோ! முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அரே மஞ்சு, கடலை வெந்துடுச்சு. தேங்கா போட்டுத் தாளிச்சும் வச்சுட்டேன். மாதாம்மா எப்ப வர்றாங்க? லேட் பண்ணா ஊசிப்போவும்" என்றார்கள். அழுதுகொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்ததும் இன்னும் அழுதார்கள்.

நான் முகம் கழுவினேன். ஜன்னலில் இருந்த பாதிச் சரத்தை ஷைனி உட்கார்ந்து கட்டி முடித்தாள். அதை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்கு, மாதா இருந்த வீட்டுக்கு நடந்தேன். முதலில் நானும் ஷைனியும்தான். அப்புறம் என் வீட்டுக்காரர் செருப்பு கூடப் போடாமல் வந்து சேர்ந்துகொண்டார். அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்கள். மாதாவை எடுத்து என் கையில் கொடுத்தார்கள்.

என்ன கனம்! இதையா அத்தை இத்தனை வருஷம் பாடிக்கொண்டே தூக்கினார்கள்? என் கன்னத்துக்குப் பக்கத்தில் மாதா முகம். கண்ணுக்கு நேரே அந்த ரோஸ் பொட்டு, நான் வைத்தது. பயமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. நடக்க ஆரம்பித்துவிட்டேன். மழை தூறியது. பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். போனைக் காதில் வைத்தபடியே அந்தோணிசாமி அண்ணன்!

"ஃபாதர் சரின்னுட்டார், சரின்னுட்டார்! நில்லும்மா, மாதா நனையறாங்க, குடை, குடை!"

குடையை எங்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அவரே பாட்டை ஆரம்பித்தார். ஒவ்வொரு கேட்டாகத் திறந்தது. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது தெரு நிறைந்துவிட்டது. என் நெஞ்சு அடித்த அடி மாதாவுக்கே கேட்டிருக்கும்.

எங்கள் கேட்டின் கொண்டி இறுகல். இரண்டு கையிலும் மாதா இருப்பதால் அத்தை எப்போதும் ஓர் உதை விட்டுத்தான் திறப்பார்கள். நானும் ஓர் உதை விட்டேன். திறந்துகொண்டது.

மாதாவை அத்தையின் தலைமாட்டில் வைத்தேன். ஊரே சொன்ன ஜெபமாலை அது. சொல்லி முடித்து எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தோம். அழுதுகொண்டே தின்றார்கள். "இந்தத் தடவ உப்பு சரியா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர், அவர் அப்பாவை நினைத்து. மும்தாஜ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நான் போட்டது பையா" என்றார்கள்.

மறுநாள் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். தன் அம்மாவின் தலைமாட்டில் மாதாவைப் பார்த்ததும், "யார் தூக்கினது?" என்று கேட்டாள். நான் என்று சொன்னேன். என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் ஃபாதர் வந்து ஜெபித்தார். அதே நேரம் மாதா அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் நேரம். அந்தோணிசாமி அண்ணன் மனைவி மெழுகுவர்த்தியோடு வந்து நின்றார்கள். நான் மாதாவை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். முன்னால் மாதா, பின்னால் அத்தை. இருவரும் ஒரே கேட்டிலிருந்து புறப்பட்டார்கள்.

பேக்கரி மூலையில் இடது பக்கம் திரும்பினால் அந்தோணிசாமி அண்ணன் வீடு. நேரே போனால் கல்லறை. அந்த அக்கா மூலையில் நின்றுவிட்டார்கள். திரும்ப மனசு வரவில்லை. கல்லறை வரைக்கும் மாதாவைக் கொண்டுவரட்டுமா என்று கண்ணால் கேட்டார்கள்.

"நீங்க போங்கக்கா" என்றேன். "உங்க வீட்ல எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க. முறைய மாத்தினா அத்தை எழுந்து வந்து திட்டுவாங்க."

மாதா இடது பக்கம் திரும்பினார்கள். அத்தை நேரே போனார்கள்.

அத்தை, இந்தத் தடவையும் உங்கள் வீட்டு கேட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள். நம்ம வீடு முன்னாடி இருக்கு என்று சொல்லித்தான் போயிருப்பீர்கள். சரி, நடங்கள். கை வலித்தால் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை விடாமல் நாங்கள் பின்னாலேயே வருகிறோம்.